காற்றை எண்ணத் தெரிந்த ஊர்

சிங்கப்பூரின் கூர்மையைப் புகழ எனக்குத் தயக்கமே இல்லை. கொவிட்-19 பரவிய 2020இலேயே தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளின் கழிவுநீரில் கிருமியைத் தேடத் தொடங்கிவிட்டது. தொற்றியவரின் மலத்தோடு கிருமியின் மரபணுத் துணுக்குகள் வெளியேறும். காய்ச்சலோ இருமலோ தெரியாதவருக்கும் அப்படித்தான். உடம்பு முடியவில்லை என்று மேற்பார்வையாளரிடம் சொல்ல ஊழியர் அஞ்சலாம், சம்பளம் போய்விடுமே என்று விழுங்கிக்கொள்ளலாம். அவருடைய கழிவறைக் குழாய் அஞ்சாது. அவர் சொல்லத் துணியாததைக் குழாயின் வழியே கேட்டறிந்த அறிவு பெரிய அறிவு.

காற்றிலும் அதே திறமை. பம்பு ஒன்று அறைக்காற்றை உறிஞ்சும். அதில் சிக்கிய நுண்துளிகளை ஆய்வகத்தில் சோதிப்பார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கொவிட் நோயாளிகள் படுத்திருந்த மருத்துவமனை அறைகளிலேயே இதைச் செய்து பார்த்தனர். மேசையையும் கட்டிலையும் துடைத்தெடுத்த மாதிரிகளைவிடக் காற்று அதிகம் சொன்னது. அவ்வளவு செலவு வேண்டாமென்றால் கரியமில வாயுவை அளக்கும் சின்னக் கருவி போதும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 40,000. அறைக்குள் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம் என்று பொருள்.

செங்காங்கில் இருப்பவர்களுக்குக் காற்றின் அருமை தெரியும். இந்தப் பக்கத்துப் புதிய வீடுகளைத் திட்டமிடும்போது, காற்று எந்தத் திசையில் வந்து எந்தச் சந்தில் நுழையும் என்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கணினியில் ஓட்டிப் பார்க்கிறது. சன்னலைத் திறந்தால் கூடம் குளிர்கிறது. இந்தப் புளோக்குகளுக்குச் சாரம் கட்டி, கம்பி வளைத்து, கான்கிரீட் ஊற்றியவர்கள் வெளிநாட்டு ஊழியர்கள். எங்கள் கூடத்துக்குள் காற்று வர வழிவிட்ட அந்தக் கைகளை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்த ஊரான பொங்கோலில் எஸ்11 தங்குவிடுதி இருக்கிறது. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி அது தனிமைப்படுத்தும் இடமாக அறிவிக்கப்பட்டது. உள்ளே சுமார் 13,000 பேர். தங்குவிடுதிகளில் அப்போது ஆளுக்கு 4.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்பது விதி. அந்த 4.5இல் சமையலிடமும் கழிவறையும் அடக்கம். ஓர் அறையில் 12 முதல் 20 பேர் அடுக்குக் கட்டிலில் படுத்தார்கள். இந்தக் கணக்கு சரியா என்று தணிக்கை செய்ய யாரும் வராத குறையைக் கிருமி தீர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடெங்கும் தங்குவிடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்தது. ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். இவ்வளவு நேர்மையான தணிக்கையாளரை நான் கண்டதில்லை: கட்டிலுக்குக் கட்டில் போய்ப் பார்த்து, ஒருவரையும் விடாமல் எண்ணிக் கணக்கு ஒப்படைத்தது.

அதன் பிறகு காட்டிய எச்சரிக்கையும் பாராட்டத்தக்கது. ஊரெல்லாம் கடைத்தெருவுக்குத் திரும்பிய பிறகும் ஊழியர்கள் விடுதியைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டு எடுத்தார்கள். 2022 ஜூன் 24இல் அது நீங்கியது. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போன்ற சில இடங்களுக்கு வர மட்டும் வேறொரு சீட்டு வேண்டியிருந்தது. தேக்காவில் ஒரு தேநீர் குடித்து, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் போகிறவருக்கு, நெரிசலில் நோய் பரவும் என்று எடுத்துச் சொன்ன அக்கறை அது. இரவு அதே அடுக்குக் கட்டிலுக்கு அவர் திரும்பியபோது யாரும் சீட்டுக் கேட்கவில்லை.

பொறுமையைச் சொல்லாமல் விட்டால் புகழ் முழுமையாகாது. 2021 செப்டம்பரில் புதிய தரம் வந்தது: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, பொது இடங்களைச் சேர்க்காமலே ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். புதிதாகக் கட்டும் விடுதிகளுக்கு இது பொருந்தும். மனமார வரவேற்கிறேன். ஏற்கெனவே இருந்த ஏறத்தாழ ஆயிரம் விடுதிகள் 2030க்குள் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர் என்ற இடைக்காலத் தரத்தை எட்டவேண்டும். முழுத் தரத்துக்கு 2040 வரை அவகாசம். கழிவுநீரில் கிருமியைக் கண்டுபிடிக்கச் சில மாதங்களே எடுத்துக்கொண்ட ஊர், இரண்டு கட்டில்களுக்கு நடுவே இடம் கண்டுபிடிக்க இருபது ஆண்டு எடுத்துக்கொள்கிறது. எஸ்11இல் அடைபட்டிருந்த 25 வயது இளைஞருக்கு 2040இல் 45 வயது இருக்கும்.