தெள்ளாறெறிந்த மேஸ்திரி

தெள்ளாற்றை எறிந்தவன் என்று சரித்திரத்தில் பேர் வாங்கியவன் ஒருவன்தான். பல்லவன் மூன்றாம் நந்திவர்மன், 9ஆம் நூற்றாண்டில் பாண்டியனை எங்கள் ஊரான தெள்ளாரில் முறியடித்தான். ‘தெள்ளாறெறிந்த’ என்பது அவன் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. 1760இல் வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்ட சண்டைகூடப் பக்கத்து வந்தவாசியோடு போயிற்று. அப்புறம் தெள்ளார் நிம்மதியாகத்தான் இருந்தது, எங்கள் பெரியப்பா சமையலறையைக் கொஞ்சம் நீட்டிக் கட்டலாம் என்று நினைக்கும் வரை.

மேஸ்திரி வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், கையில் இரண்டு போன். நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி சுவரை விரலால் தட்டினார். உதட்டைப் பிதுக்கினார்.

“யாருண்ணா கட்டினது இது?”

எந்த மேஸ்திரியும் எந்த வீட்டிலும் முதலில் கேட்பது இதைத்தான். இதற்கு முன் கட்டியவனுக்கு வேலை தெரியாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. “உங்க அப்பாதான்” என்றார் பெரியப்பா. மேஸ்திரி அசரவில்லை. “அன்னிக்கு சிமெண்ட் சரியில்லண்ணா” என்றார்.

எஸ்டிமேட் போடப் பேப்பர் கேட்டார். பெரியம்மா தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக் கொடுத்தாள். முன்பக்கம் எமகண்டம், பின்பக்கம் எஸ்டிமேட். சதுரத்துக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு, டைல்ஸுக்கு இவ்வளவு என்று கூட்டிப் பெருக்கி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். பிறகு அந்தத் தாளை நாலாக மடித்துத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டார். வீட்டுக்கும் மேஸ்திரிக்கும் நடுவே இருந்த ஒரே ஆவணம் அதுதான்.

இடிக்க வேண்டிய சுவருக்கு இந்தப் பக்கம் கூடம். கூடத்தில் குழித்தறி. தறியில் மாம்பழ மஞ்சளில் பாதி நெய்த ஆரணிப் பட்டு. “பாவு மேல தூசி படக்கூடாது மேஸ்திரி” என்று பெரியப்பா மூன்று தடவை சொன்னார். “தார்ப்பாய் போட்டு மூடிட்டுத்தாண்ணா கையே வைப்போம்” என்று மேஸ்திரியும் மூன்று தடவை சொன்னார். சுவர் திங்கட்கிழமை விழுந்தது. தார்ப்பாய் புதன்கிழமை வந்தது.

‘எறிந்த’ என்றால் வென்ற என்று பொருள் சொல்வார்கள். மேஸ்திரியின் ஆட்கள் நேர்ப்பொருளே போதும் என்று இருந்துவிட்டார்கள். இடித்ததில் பாதியைத் தெருவில் எறிந்தார்கள், கொஞ்சம் கிணற்றடியில் எறிந்தார்கள், மிச்சம் தூசியாகப் பாவின் மேல் இறங்கியது. மாம்பழம் இரண்டே மணி நேரத்தில் செங்காயாகிவிட்டது. சம்மட்டி அதிர்ச்சியில் தறிக்கு மேலே இருந்த ஜக்கார்டு பெட்டி சாய்ந்து, முந்தானையில் இறங்கிக்கொண்டிருந்த மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. புதுச் சுவர் எழும்பியதும் அதற்குத் தண்ணி காட்டினார்கள். சுவர் குடித்தது போக மீதி, பெரியப்பா கால் வைக்கிற தறிக்குழியில் முழங்கால் அளவு நின்றது.

பெரியப்பா கூப்பிட்டுக் காட்டினார். மேஸ்திரி நிதானமாக எல்லாவற்றையும் பார்த்தார். சேதத்தைப் பார்க்கும்போது அவர் முகத்தில் எப்போதும் ஒரு வழிப்போக்கனின் அனுதாபம் இருக்கும்.

“தூசி காத்தோட வேலைண்ணா, அதை நாம புடிச்சி வெக்க முடியுமா? பெட்டி சாஞ்சது தச்சர் வேலை, ஆப்பு சரியா அடிக்கல. தண்ணி எப்பவும் பள்ளத்தைப் பாத்துதான் போவும்.” குழியை எட்டிப் பார்த்தார். “இந்தக் குழியை யாரு வெட்டினது?”

வெட்டியது பெரியப்பாவின் தாத்தா. குற்றவாளி அகப்பட்டுவிட்டார், ஆனால் செத்து அறுபது வருஷமாகிறது.

பூச்சு காய்ந்ததும் சுவரில் ஒரு கோடு ஓடியது. “ஏர் கிராக்குண்ணா, ஒண்ணும் ஆவாது” என்றார். மறுவாரம் அந்த வழியாக உண்மையாகவே காற்று வந்தது.

சட்டம் படிக்கிற என் தம்பி கொதித்துப்போனான். மேஸ்திரியை உட்கார வைத்து ஹமுராபியில் ஆரம்பித்தான். “பாபிலோன்ல 3,700 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சிருக்கான். கட்டினது விழுந்து பொருள் பாழானா, கட்டினவன் ஈடு குடுக்கணும். சுவர் சாஞ்சா சொந்தக் காசுல நிமித்தணும். வீடு விழுந்து வீட்டுக்காரன் செத்தா, கட்டினவனுக்கும் சாவுதான்.”

“அப்ப ஆத்து மணல் நல்லா கெடைச்சிருக்கும் தம்பி. இப்ப எல்லாம் எம்-சாண்டு” என்றார் மேஸ்திரி.

தம்பி இந்தக் காலத்துக்கு வந்தான். 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு, பேச்சை மீறி நஷ்டம் உண்டாக்கியவன் ஈடு தரவேண்டும் என்கிறது. 2016இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் கோளாறு தெரிந்தால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்யச் சொல்கிறது. ஆனால் அது மனையும் அடுக்குமாடியும் போட்டு விற்கிறவர்களுக்கு, சமையலறை நீட்டுகிறவருக்கு இல்லை. அவருக்கு 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வீடு கட்டுவதும் அதில் சேவைதான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. 2 வருஷத்துக்குள் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஒரே ஒரு சிக்கல்: காண்ட்ராக்ட் எடுத்தவரைத்தான் அங்கே இழுக்கலாம். ஆளைக் கூலிக்கு வைத்து நாமே ஏவி வேலை வாங்கினால் அது தனிப்பட்ட ஊழியம். அந்தச் சட்டத்துக்கு வெளியே.

இதைக் கேட்டதும் மேஸ்திரி எழுந்து நின்று கும்பிட்டார். “நான் கூலிக்காரந்தானே தம்பி.”

அட்வான்ஸ் வாங்கும்போது காண்ட்ராக்டர், பாக்கி கேட்கும்போது குடும்ப நண்பர், சேதம் என்றால் கூலிக்காரர். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமலே 2019ஆம் வருஷச் சட்டத்தின் நுட்பம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. சேதத்துக்குப் பிடித்து வைக்கலாம் என்றால், பாக்கித் தொகை என்று எதுவும் மிச்சம் இல்லை. சனிக்கிழமைதோறும் ஆள் கூலி என்று பெரியப்பா அதைக் கொடுத்தே தீர்த்திருந்தார். “வுடுடா, நாளைக்கு மாடியில ஒழுகினா இவன்தானே வரணும்” என்று தம்பியை அடக்கியதும் அவர்தான். மேஸ்திரிக்குப் பெரியம்மா காபி கொடுத்தாள்.

தறிக்கு இந்தச் சலுகை எல்லாம் கிடையாது. முதலாளி பட்டையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். புடவையையும் எடை போட்டுத்தான் வாங்குவார். வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து ஒரு கறை, ஒரு இழை விட்டுப்போன இடம் கண்ணில் பட்டால் கூலியில் பிடித்தம். அந்த மஞ்சள் புடவையை வாங்காமல் அதன் விலையையே பிடித்தார். தூசி, தச்சர், தாத்தா என்று பெரியப்பா ஒருவரையும் இழுக்கவில்லை. புடவையைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆறு மாதம் கழித்து மேஸ்திரி மனைவியோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம். “கடை விலை கட்டுப்படி ஆவலண்ணா. தெரிஞ்ச எடமாச்சேன்னு வந்தோம்.” பெரியப்பா அந்த மஞ்சள் புடவையை எடுத்துப் போட்டார். மேஸ்திரி வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்தார். இழை இழையாகப் பார்த்தார். மயிலின் கழுத்தருகே விரல் நின்றது. உதட்டைப் பிதுக்கினார்.

“யாருண்ணா நெய்ஞ்சது இது?”

“நான்தான்” என்றார் பெரியப்பா.

மேஸ்திரி சிறிது நேரம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.