டக்கா, டொப்பா?

கோட்டைக் கழற்றுவதற்குள் அவர் உங்கள் சுவரைத் தட்டிவிட்டிருப்பார். நடுவிரலை மடக்கி இரண்டு தட்டு. தலையைச் சாய்த்து ஒரு கவனிப்பு. ‘டக்’ என்றால் காரை செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ‘டொப்’ என்றால் விட்டுவிட்டது. ‘டக்’ கேட்டால் பேசாமல் நகர்ந்துவிடுவார். ‘டொப்’ கேட்டால்தான் முகம் மலரும். “இது போச்சு!” என்பார், பலாப்பழம் வாங்க வந்தவர் பழுத்ததைக் கண்டுபிடித்த பூரிப்போடு.

லண்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடு ஒன்றை வாங்கி, அதன் அசல் அழகை மீட்கக் கிளம்பியவர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் தட்டுவார். பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் தட்டுவார். இந்த வீடுகளில் மாடித் தடுப்புச் சுவர் பெரும்பாலும் மரப்பட்டிகைமேல் சுண்ணாம்பு பூசியது. உள்ளே வெறும் காற்று. நல்ல நிலையில் இருந்தாலும் அது ‘டொப்’ என்றுதான் சொல்லும். இது அவருக்கும் தெரியும். தெரிந்தே தட்டுவார்.

இத்தனைக்கும் எடுத்துக்கொண்ட வேலை சின்னது: கணப்புக்குப் பழைய முகப்பை மீட்பது. அது போன கதை இது. 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீடுகளில் கரி நெருப்பு மெல்ல மறைந்தது. பலர் கணப்பின் வார்ப்பிரும்பு முகப்பைப் பிடுங்கி எறிந்தார்கள். சில வீடுகளில் பலகை அடித்து மூடி எரிவாயு ஹீட்டர் வைத்தார்கள்; சில வீடுகளில் கல்லோ ஓடோ பதித்த புது முகப்பு ஏறியது. அப்படிச் செய்த முன்னாள் உரிமையாளரை நம்மவர் கொலைக் குற்றவாளியைப் போலத்தான் பேசுவார்.

பழம்பொருள் கிடங்கிலிருந்து ஒரு வார்ப்பிரும்பு முகப்பு வந்து இறங்கும். இருப்பதைக் கழற்றி, வந்ததைப் பொருத்தி, சுற்றிலும் காரையை ஒட்டுப்போட வேண்டும். முகப்பைச் சுவரோடு பிடித்திருப்பவை இருபுறமும் காரைக்குள் புதைந்த இரும்புக் காதுகள். அவற்றின் திருகாணியை எட்ட நாலு விரற்கடை காரையை உடைத்தால் போதும்.

உடைப்பார். பிறகு உடைத்த விளிம்பைத் தட்டுவார். ‘டொப்’. அதையும் உடைப்பார். அடுத்த விளிம்பு. ‘டொப்’. சுத்தியல் அடியில் நூறாண்டுக் காரை அதிர்ந்து செங்கல்லை விடுகிறது. ஒவ்வொரு அடியிலும் அடுத்த ‘டொப்’ பிறக்கிறது. “அடிப்பதை நிறுத்தினால் அதுவும் நிற்கும்” என்று மனைவி சொல்லிப் பார்த்தார். மாலைக்குள் கூரை வரை வெறும் செங்கல்.

பூசும்போது மட்டும் அவர் வேறு ஆள். புகைபோக்கிச் செங்கல்லில் ஊறிய கரியின் உப்பு ஈரத்தை இழுக்கும், ஜிப்சம் பூசினால் பழுப்புக் கறை வண்ணத்தைத் தாண்டி வெளியே வரும், சுண்ணாம்புதான் தாங்கும் என்பார். சொன்னபடியே சுண்ணாம்பும் மணலும் குழைத்து, ஒவ்வொரு பூச்சும் இறுகும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். கரணை கையில் இருக்கும்வரை தட்டுவதே இல்லை. புதுக் காரை பழைய சுவரோடு சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தொழில் தெரிந்த கொத்தனாரும் மெச்சுவார்.

கணப்பின் அடித்தளம் முன்னால் 500 மில்லிமீட்டர், பக்கங்களில் 150 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்ற கட்டட விதியை அளந்து பார்த்து நிறைவேற்றுவார். எல்லாம் முடிந்ததும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார். புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் திறந்த கணப்பில் விறகு எரிக்கக் கூடாதே!

பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் இதில் சிரிப்பு வருவதில்லை. வரிசை வீடுகள் பலவற்றில் புகைபோக்கிகள் பொதுச்சுவரில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் கரி கொட்டும். புதிதாக வாங்கிய வெளிர்நிறக் கம்பளத்தின் மேல் கொட்டியது. மன்னிப்புக் கேட்க நம்மவர் எலுமிச்சை கேக்கோடு வந்தார். கேக்கை நீட்டிய கை திரும்பும்போதே சுவரைத் தட்டியது. ‘டொப்’. “உங்களுடையதும் போச்சே!”

வெள்ளிக்கிழமை வரை அது ‘டக்’.

1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி வெறும் காரை வேலைக்கு அண்டை வீட்டாருக்கு அறிவிப்புக் கொடுக்கத் தேவையில்லை என்பதையும் அவரே விளக்கினார். கம்பளம் வெளுத்த ரசீதை இன்னும் யாரும் அவரிடம் நீட்டவில்லை. கேக் நன்றாக இருந்து தொலைத்துவிட்டது.