முதலாளி ஊழியத்துக்குப் போயிருக்கிறார்

பிலடெல்பியாவில் 1838இல் செங்கல் அறுப்பவர் ஒருவரின் வீட்டில் பிறந்தார் ஜான் வானமேக்கர். பிற்காலத்தில் அவர் வாங்கிப் போட்ட சொத்துகளில் ஒரு ரயில்வே சரக்குக் கொட்டகை அடக்கம், நியூயார்க்கில் ஒரு மாபெரும் கடை அடக்கம். ஆனால் தாம் செய்ததிலேயே பெரிய கொள்முதல் சிறுவயதில் வாங்கிய ஒரு சிவப்புத் தோல் பைபிள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். விலை 2 டாலர் 75 சென்ட். பையன் கையில் அவ்வளவு காசு ஏது? தவணையில் எடுத்தான். வேதத்தையே தவணைக்கு எடுத்தவன் வளர்ந்து என்னவாக வருவான் என்று தெருக்காரர்கள் அப்போதே ஊகித்திருக்கலாம்.

இருபது வயது நிறையுமுன்பே பிலடெல்பியா ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளர் ஆனார். ஆண்டுச் சம்பளம் 1,000 டாலர். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்து, நம் கதைக்கு உதவாமல் போயிருப்பார். 1858 பிப்ரவரியில் சௌத் ஸ்ட்ரீட் பக்கம் ஓய்வுநாள் பள்ளி ஒன்றைத் தொடங்கப் போனார்.

அந்த வட்டாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அக்காலத்தில் பிலடெல்பியாவில் தீயணைப்பு என்பது சம்பளமில்லாத் தொண்டு. பேட்டைக்கொரு குழு, குழுவுக்கொரு வண்டி, வண்டிக்கொரு ரவுடிக் கூட்டம். எங்காவது தீப்பிடித்தால் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வந்து சேரும். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று அடிதடி தொடங்கும். தீ பொறுமையாகக் காத்திருக்காது. 1871இல் நகராட்சி சம்பள ஆட்களைப் போடும் வரைக்கும் இந்தக் கூத்து நடந்தது. அப்பேர்ப்பட்ட தீரர்களின் பேட்டையில்தான் நம் ஒல்லிப் பையன் பைபிளும் கையுமாக நுழைந்தான். முதல் ஞாயிறே விரட்டிவிட்டார்கள்.

அடுத்த முறை ஒரு செருப்புத் தைப்பவரின் வீட்டு அறைகளில் பள்ளி கூடியது. வந்த குழந்தைகள் 27. கோடை வருவதற்குள் இடம் போதவில்லை; பழைய கப்பல் பாய்களைக் கொண்டு கூடாரம் போட்டார். பெத்தானியா என்று பெயர். பிறகு கட்டடம், பிறகு பிரஸ்பிட்டேரியன் சபை, பிறகு சேமிப்பு வங்கி என்று அது வளர்ந்த வேகத்தில், ஓய்வுநாள் பள்ளி என்றால் உலகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று இது என்று ஊர் சொல்லும் நிலை வந்தது. வானமேக்கர் குருப்பட்டம் வாங்கவில்லை, இறையியல் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. ஆள் சேர்க்கத் தெரியும். அது போதுமாக இருந்தது.

1861 ஏப்ரலில் மச்சான் நேதன் பிரவுனோடு கூட்டுச் சேர்ந்து ஆண்கள் துணிக்கடை திறந்தார். நல்ல நேரம் பார்த்துத் திறந்தார் என்று சொல்ல முடியாது. நாலே நாளில் உள்நாட்டுப் போர் மூண்டது. முதல் நாள் வியாபாரம் 24 டாலர் 67 சென்ட். அதில் 24 டாலரை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, 67 சென்ட்டைச் சில்லறைக்காகக் கல்லாவில் வைத்தார் என்று கதை. காணிக்கைத் தட்டில் விழுந்ததை உடனே ஊழியத்தில் இறக்கிவிடும் சுவிசேஷகரின் புத்திதான் இதுவும். சரக்கு மட்டும் வேறு.

கடையில் பேரம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே விலை, அதுவும் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும். பிடிக்காவிட்டால் காசு வாபஸ். கடவுள் முன் எல்லாரும் சமம் என்றால் விலைச்சீட்டு முன்னும் சமம்தானே என்பது அவர் சித்தாந்தமாகச் சொல்லப்படுகிறது. நியூயார்க்கில் ஏ.டி. ஸ்டூவர்ட் என்ற கடைக்காரர் ஒரே விலையை ஏற்கெனவே நடைமுறைப்படுத்தியிருந்தார். ஆனால் அவர் அதில் தேவனைச் சேர்க்கவில்லை. புண்ணியம் பிலடெல்பியாவுக்குப் போய்விட்டது.

1875இல் பென்சில்வேனியா ரயில்வேயின் பழைய சரக்குக் கொட்டகையை வாங்கினார் என்றேனே, அங்கேதான் மனிதரின் மேதைமை. கடை திறக்க இன்னும் மாதங்கள் இருந்தன. சும்மா கிடப்பானேன் என்று சுவிசேஷகர் டி.எல். மூடிக்கும், ஆர்மோனியம் வாசித்துப் பாடும் சாங்கிக்கும் எழுப்புதல் கூட்டம் நடத்தக் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் ஜனம். ஜனாதிபதி கிராண்ட்டே ஒரு நாள் வந்து உட்கார்ந்தார். பாவிகள் அழுதார்கள், மனந்திரும்பினார்கள். அந்த இடத்துக்கு வழியும் தெரிந்துகொண்டார்கள். கூட்டம் முடிந்து நாற்காலிகள் போயின, கோட்டும் சட்டையும் வந்தன. 1876 மே மாதம், ஊரில் நூற்றாண்டுப் பொருட்காட்சி தொடங்கும் நேரத்தில் அதே கூரையின்கீழ் கடை. இதில் சூது இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இரண்டும் வேறு வேறாகவே தெரிந்திருக்காது என்பது என் கட்சி.

அரசியலிலும் அப்படித்தான். 1888 தேர்தலில் ஜனாதிபதி வேட்பாளர் ஹாரிசனுக்காக வியாபாரிகளிடம் 2 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்துக் கொடுத்தார். ஓய்வுநாள் பள்ளிக்கு உண்டியல் குலுக்கிப் பழகிய கை அது. கடவுள் கிருபையால் வென்றோம் என்று ஹாரிசன் உருக, கடவுளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று கட்சியின் தேர்தல் தளபதி மாட் குவே எரிந்து விழுந்தாராம். வானமேக்கர் எந்தப் பக்கமும் பேசவில்லை. தபால் துறைத் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டார். பதவியை விலைக்கு வாங்கினார் என்று 'பக்' பத்திரிகை கேலிச்சித்திரம் போட்டுக் குதறியது. எதிர்க்கட்சித் தபால் அதிகாரிகளை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டால்ஸ்டாயின் 'கிராய்ட்சர் சொனாட்டா'வை வெளியிட்ட பத்திரிகைகளைத் தபாலில் ஏற்றக் கூடாது என்று 1890இல் அவர் துறை உத்தரவு போட்டது. மலைப்பிரசங்கத்தை அட்சரம் பிசகாமல் வாழ்ந்துகாட்டத் துடித்த கிழவரை ஓர் ஓய்வுநாள் பள்ளிக் கண்காணிப்பாளரின் இலாகா ஆபாசம் என்று தள்ளிவைத்ததை டால்ஸ்டாயே எழுதியிருந்தாலும் நம்ப மாட்டோம். இத்தனைக்கும் நடுவே, சனி ஞாயிறானால் வாஷிங்டனிலிருந்து பிலடெல்பியாவுக்கு ரயிலேறிப் போய் பெத்தானியாவில் பாடம் எடுத்தார். நாடே தபாலுக்குக் காத்திருக்கலாம், பிள்ளைகள் காத்திருக்கக் கூடாது.

அவர் காசு சென்னைக்கும் வந்தது. பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே 1900இல் திறந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் வானமேக்கர் நன்கொடையில் எழுந்தது. வக்கீல் குமாஸ்தாக்கள் நூறு வருடத்துக்கும் மேலாக அதைத் தாண்டிப் போகிறார்கள். அதில் பிலடெல்பியாக் கோட்டு சட்டை லாபம் இருப்பது வழக்கில் சேரவில்லை.

1909இல், புதுக் கடையின் நடுமுற்றத்தில் வைக்க, செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் வைத்திருந்த பத்தாயிரம் குழாய்களுக்கு மேற்பட்ட ஆர்கனை 13 சரக்குப் பெட்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார். தேவாலயத்தில் வைக்க வேண்டியதைக் கடையில் வைத்தார் என்றால் கோபித்துக்கொள்வார்: எது தேவாலயம்?

கடைசியாக அன்னையர் தின விவகாரம். ஆனா ஜார்விஸ் என்ற பெண்மணி 1908 மே 10 அன்று முதல் அன்னையர் தினத்தை நடத்தினார்: மேற்கு வர்ஜீனியாவில் தம் அம்மா பாடம் சொன்ன கோயிலில் ஓர் ஆராதனை, பிலடெல்பியாவில் வானமேக்கர் கடை அரங்கத்தில் ஒரு கூட்டம். நம்மவருக்கு மகா திருப்தி. ஆனால் பூக்காரர், மிட்டாய்க்காரர், வாழ்த்து அட்டைக்காரர் எல்லாரும் அம்மாவை விற்கத் தொடங்கியதும் ஜார்விஸுக்குப் பொறுக்கவில்லை. வானமேக்கர் கடையின் தேநீர் அறைக்கு வந்தவர், பட்டியலில் 'அன்னையர் தின சாலட்' இருப்பதைப் பார்த்தாராம். வரவழைத்தார். எழுந்து நின்றார். தட்டோடு தரையில் கவிழ்த்துவிட்டு, காசை வைத்துவிட்டுப் போய்விட்டார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்ற விதி அங்கே இருந்தது, அம்மாள் கேட்கவில்லை.