மலை வரைஞ்ச பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, திண்ணையில ஃபேனைப் போட்டு, போனைப் பாத்து மலை வரைஞ்சிருக்கியே, பிரமாதம்! மலைக்குத்தான் காமாலை வந்தாப்புல இருக்கு.

நீ பாத்து எழுதினது ஜியோவானி செகந்தினி படம்லா. ‘ஆல்ப்ஸில் நண்பகல்’, 1891. உன் அக்கா புத்தகத்துல வாசிச்சுக் காட்டினா. நீலத்துணிக்காரி ஒருத்தி உச்சி வெயில்ல தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா, பின்னால ஆடு. நிக்கிற தோரணையிலயே மேய்க்கிறவள்னு தெரியுது. நீ போட்ட பொண்ணு தென்காசி பஸ்ஸுக்குல்லா நிக்கா!

அந்த வெயில் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? அவன் உன்னை மாதிரி சாயத்தைக் குழப்பிக் கூழாக்கல. தனித்தனி நிறத்தை நூல் நூலாப் பக்கத்துல பக்கத்துல இழுத்தான். உன் ஆச்சியோட மயில்கழுத்துச் சேலையில பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம். தள்ளி நின்னு பாத்தா மூணாவதா ஒண்ணு மினுங்கும்லா, அதே சங்கதி. கிட்டப் போனா நூலு, எட்டி நின்னா வெயிலு.

ஆளு 1858-ல ஆஸ்திரிய ஆட்சியில இருந்த ஆர்கோவுல பிறந்தான். ஏழு வயசுல தாய் போயிட்டா. கடைசிவரை எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்ல. பீச்சேங்கிறவகூட வாழ்ந்து நாலு பிள்ளை பெத்தும், கல்யாணம் பதிய அந்தக் காகிதம் இல்லாமப் போச்சு. சுவிட்சர்லாந்து மலையை அவன் அளவுக்கு யார் எழுதினா? அவனுக்கு அங்கே ஒரு ரேசன் கார்டு இல்லடே!

பாரிஸ்ல 1900-ல நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்குன்னு மூணு பெரிய படம் எழுத ஆரம்பிச்சான். நடுப்படத்துக்காக 1899 செப்டம்பர்ல, ஷாஃப்பெர்க்ல 2,700 மீட்டர் உசரத்துல இருக்கிற குடிசைக்கு ஏறினான். ஷாஃப்பெர்க்னா ஆட்டுமலைன்னு அர்த்தமாம். அங்கேயே வயித்துல சீழ் வச்சு, 41 வயசுல செத்தான். அந்த மூணு படமும் இப்போ செயின்ட் மோரிட்ஸ்ல, அவன் பேருல 1908-ல தொறந்த மியூசியத்துல இருக்கு.

உன்னைச் சாகச் சொல்லல, பயப்படாதே. ஃபேனை அமத்திட்டுத் திண்ணையை விட்டு இறங்கினாப் போதும். காலையில அஞ்சு மணிக்கு ஆடு பத்துறேன், வா. போனை வீட்டுல வச்சிரு. வந்ததும் முதல்ல ஆட்டுக் காலை எண்ணு. உன் படத்துல மூணுதான் இருக்கு.