குப்பியின் வளைவில் மறையும் விகுதி: காப்பீட்டுத் திட்டம் மாறுவோர் குறித்த ஒரு பாடவேறுபாட்டு ஆய்வு

அமெரிக்காவில் 65 வயதை எட்டியவர்களுக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேரில், மருந்துச் செலவை ஏற்கும் ‘பார்ட் டி’ என்னும் பிரிவு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாறிக்கொள்ளலாம் என்பதால், வேறெந்த நூலையும் அவ்வளவு கூர்ந்து படித்திராத முதியோர் பலர் அந்நாட்களில் பூதக்கண்ணாடியும் கையுமாக ஒரு நூலைப் புரட்டுகின்றனர். ‘ஃபார்முலரி’ எனப்படும் அந்நூல், குறிப்பிட்ட திட்டம் எந்தெந்த மருந்துக்குப் பணம் கொடுக்கும் என்பதைக் கூறும் பட்டியலாகும். அது திட்டத்துக்குத் திட்டமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுவதால், அதற்கு மூலபாடம் என ஒன்றில்லை. இருப்பவை அனைத்தும் பாடவேறுபாடுகளே.

இந்நூலைக் கற்கப் புகுவோரின் முதற்பிழை, பெயரின் பகுதியைக் கண்டதுமே நிறைவடைந்துவிடுவது. பகுபதத்துக்கு நன்னூல் ஆறு உறுப்புகள் கூறும். மருந்துப் பெயருக்குப் பகுதி, விகுதி ஆகிய இரண்டே போதும். இரத்த அழுத்தத்துக்குரிய ‘மெட்டோப்ரோலால்’ பகுதி. அதன்பின் ‘டார்ட்ரேட்’ வந்தால் பெரும்பாலும் நாளுக்கு இருவேளை, ‘சக்சினேட்’ வந்தால் ஒருவேளை. சர்க்கரை நோய்க்குரிய மெட்ஃபார்மினின் நிலை இன்னும் இக்கட்டானது: மெல்லக் கரைவதைச் சுட்டும் ‘ஈஆர்’ என்ற ஒரே விகுதி, கரையும் நுட்பத்தால் வேறுபட்ட பல மாத்திரைகளுக்கும் பொதுவாக நிற்பதால், ஒன்று மலிவாகவும், அதே 500 மில்லிகிராம் அளவுள்ள மற்றொன்று பன்மடங்கு விலையாகவும் அமைகிறது. இலக்கணிகள் இதைப் பலபொருள் ஒருசொல் என்று கூறி அமைதியடைவர். பார்மசிக் கல்லாவில் அந்த அமைதி கிட்டுவதில்லை. இடர்ப்பாட்டுக்கு மற்றொரு காரணம் வடிவியல் சார்ந்தது. ஆரஞ்சு நிற மருந்துக் குப்பி உருண்டையானது. அதைச் சுற்றி ஒட்டிய சீட்டில் பெயரின் தலை கண்ணுக்கு நேரே நிற்க, வால் வளைவுக்கு அப்பால் போய்விடும். குப்பியை அரைச்சுற்றுச் சுழற்றாமல் எடுத்த குறிப்பு எதுவும் சான்றாகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெயருக்கு எதிரே உள்ள எண், பணம் கட்டும் அடுக்கைக் குறிப்பது; எண் ஏற ஏற நோயாளியின் பங்கும் பொதுவாக ஏறும். எண்ணை அடுத்து வரும் ஈரெழுத்துச் சூத்திரங்களுக்கோ உரையின்றிப் பொருள் விளங்காது. ‘பிஏ’ என்றால் மருத்துவர் எழுதியது போதாது, திட்டத்தின் முன்னனுமதியும் வேண்டும். ‘கியூஎல்’ என்றால் இத்தனை மாத்திரைக்கு மேல் இல்லை. ‘எஸ்டி’ என்றால் மலிவான வேறொரு மருந்தை முதலில் உண்டு, அது பலிக்கவில்லை என்று உடம்பால் மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் நோயாளி கட்ட வேண்டாம் என்னும் உச்சவரம்பு (2025இல் 2,000 டாலர், 2026இல் 2,100 டாலர்) பட்டியலில் உள்ள மருந்துக்கே உரியது. பட்டியலுக்கு வெளியே செலவிட்ட காசு அக்கணக்கில் ஏறாது.

திட்டம் மாறியவரை மிகுதியும் ஏமாற்றுவது மறுப்பன்று, இணக்கமே. புதிய திட்டத்தின் முதல் 90 நாட்களுக்குள், பட்டியலில் இல்லாத பழைய மருந்தையும் ஒரு மாத அளவுக்குத் தற்காலிகமாக வழங்க வேண்டும் என்பது விதி. ஜனவரியில் மாத்திரை கிடைத்ததைக் கொண்டு அது பட்டியலில் இருப்பதாகவே துணிந்துவிடும் ஆய்வாளர், ‘இது ஒருமுறைக்கு மட்டும்’ என்று தெரிவிக்கும் கடிதத்தைப் பிரித்தும் பாராமல், அக்டோபர் முதல் தபாலில் குவிந்துகிடக்கும் காப்பீட்டு விளம்பரங்களோடு சேர்த்துப் பழைய காகிதக் கூடையில் இட்டுவிடுகிறார்.