பேரணாம்பட்டு வரிப்படிவச் சுவடிகள்: ஒரு பாடபேத ஆய்வு

தனியாளாக ஆப் எழுதி விற்பவருக்கு நிரல் எழுதுவது உபதொழில். படிவம் நிரப்புவதே முதன்மைத் தொழில். கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்டினால் இத்துறைக்குள் நுழையலாம்.

முதற்கண் ஊர்ப்பெயர். பேரணாம்பட்டுக்கு ஆங்கிலத்தில் மூலபாடம் இல்லை. ஆதார்ச் சுவடியில் ‘பெர்ணாம்பட்’, பாஸ்புக்கில் ‘பேர்ணாம்பட்டு’, கரண்ட் பில்லில் ‘பேரணாம்பட்’. ஏடெழுதினோர் பிழை என்று தள்ளவும் முடியாது. எல்லாவற்றிலும் முத்திரை இருக்கிறது. ‘முகவரி பொருந்தவில்லை’ என்று கலிஃபோர்னியாவிலிருந்து மின்னஞ்சல் வந்தால் அதை ஒரு பதிப்பாசிரியரின் நியாயமான ஐயமாகவே கொள்க. ஆம்பூர்க்காரர் பாடு இன்னும் மோசம். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது அவர் திண்ணையை விட்டு எழாமலே வேலூரிலிருந்து திருப்பத்தூருக்குக் குடிபெயர்ந்தார். நம் ஊர் வேலூரிலேயே நின்றது ஆய்வாளன் செய்த பாக்கியம்.

அடுத்தது இனிஷியல். பான் விண்ணப்பம் அதை ஏற்காது. விரித்து எழுது என்னும். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் வேறு. நமக்கு ஏது அது? அப்பா பெயரைத் தூக்கி அங்கே வைக்கிறோம். பத்து இலக்க பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. ஆக, டேனரியில் சுண்ணாம்புக் குழியோடு காலம் தள்ளி ஓய்வுபெற்ற தகப்பனார், மகனின் வரிக்கணக்குக்குள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறார். பாஸ்புக்கிலோ அவர் இன்னும் புள்ளி வைத்த ஒற்றை எழுத்துதான். இரண்டும் ஒரே குடும்பம் என்று எந்தக் கணினியும் நம்புவதில்லை. போதாக்குறைக்கு, மரியாதை தெரிந்த அமெரிக்கர் குடும்பப் பெயரிட்டு விளிப்பதால், ஆப்பில் உள்ள கோளாறைச் சரிசெய்யச் சொல்லும் கடிதமெல்லாம் அப்பா பெயருக்கே வருகிறது. “நான் என்னடா பண்ணேன் அவனுக்கு?” என்பது அவர் எழுப்பும் ஆய்வு வினா.

இத்துறையின் தலைநூல் டபிள்யூ-8பென். ஒரே பக்கம்; ஆசிரியர் அமெரிக்க வருவாய்த் துறை. இதைக் கொடுக்காவிட்டால் அங்கே விளைந்த ராயல்டியில் 30 சதவீதம் பிடிப்பார்கள்; கொடுத்தால் 1989இல் கையெழுத்தான இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி பெரும்பாலும் 15. பிறந்த தேதியில் மாதத்தை முன்னால் எழுதச் சொல்வது இந்நூலின் நடைச் சிறப்பு. இருபத்தைந்தாம் மாதத்தில் பிறந்ததாகச் சத்தியம் செய்ய நேரலாம். 2025இல் இட்ட கையெழுத்து 2028 டிசம்பர் 31 வரை செல்லும்.

உள்நாட்டு வரியில் உரையாசிரியர்கள் இரு சாரார். 2026 மார்ச் வரை நடப்பிலிருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை லாபமாகக் காட்டு என்றனர் ஒரு சாரார்; 44ஏடியில் 6 சதவீதம் போதும் என்றனர் மற்றோர். ஃபீஸ் விஷயத்தில் இரு சாராருக்கும் ஒரே கருத்து.

எஞ்சியது வங்கி. தோல் ஏற்றுமதி டாலரைப் பார்த்தே பழகிய ஒரு கிளையில் நடந்த உரையாடல் இது.

“சரக்கு எந்த ஹார்பர்ல ஏறுச்சு தம்பி? ஷிப்பிங் பில் எங்க?”

“இது ஆப் சார். பெட்டியெல்லாம் கிடையாது.”

“பெட்டி இல்லாம எப்படி எக்ஸ்போர்ட்டு?”

மென்பொருளுக்கென்றே பி0802, பி0807 என ரிசர்வ் வங்கி பர்ப்பஸ் கோடு வகுத்திருப்பதை எடுத்துக்காட்டினோம். வங்கி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, வெயிட்டாவது எழுதுங்க.”

‘42 எம்பி’ என்று எழுதிக் கொடுத்தோம். சீல் வைத்துவிட்டார்.