அடைக்காமல் விட்ட உடைப்பு

கூக்கொப் தீவில் ஏறுவதற்கு மேடு கிடையாது. பிராங்பேர்ட்டிலிருந்து மன்ஹைம் போகும் பாதையில் ஸ்ரொக்ஸ்ரட் நிலையத்தில் இறங்கி, ஊரைக் குறுக்கே கடந்து, பழைய றைனுக்கு மேலாகப் போகும் பாலத்தைத் தாண்டினால், அதன் பிறகு நாள் முழுக்க நடந்தாலும் மூச்சு வாங்காது. ஆனால் அந்தச் சமதரையில் அரை மீற்றர் உயர்வு தாழ்வு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தாழ்ந்த இடங்களில் வில்லோவும் கறுப்புப் பொப்லரும் நிற்கும். சற்று உயர்ந்தால் ஓக், ஆஷ், எல்ம். வில்லோ வருஷத்தில் பாதிக்காலம் தண்ணீருக்குள் நின்றாலும் சாகாது. ஓக்குக்கு அவ்வளவு தாங்கும் சக்தி இல்லை. நடந்து பழகியவர்கள் மரத்தைப் பார்த்தே அந்த இடத்தில் வெள்ளம் எவ்வளவு நாள் தங்கும் என்று மட்டுக்கட்டிவிடுவார்கள்.

இது மனிதர் வெட்டிய தீவு. றைன் இங்கே கிழக்குப் பக்கமாகப் பெரிய வளையம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. கிளவுஸ் குறோன்கே என்ற பொறியியலாளரின் திட்டப்படி 1828-29 இல் அந்த வளையத்தின் கழுத்தைக் குறுக்கே வெட்டி ஆற்றை நேராக்கினார்கள். பழைய வளையம் ஒதுங்கிப்போனது. நடுவில் அகப்பட்ட நிலம் தீவானது. 1952 இல் அதையும் பக்கத்திலிருந்த க்னொப்லொக்ஸாவ் காட்டையும் சேர்த்து இயற்கைக் காப்பகமாக அறிவித்தார்கள். சுமார் 2,400 ஹெக்டேர்; ஹெசன் மாநிலத்தில் இதைவிடப் பெரிய காப்பகம் இல்லை. காப்பகம் என்று பேர் இருந்தாலும் தீவின் நடுவில் கோதுமையும் சோளமும் விளைந்தன. அல்ப்ஸ் பனி உருகி வைகாசி, ஆனியில் ஆறு பெருகும்போது பயிர் அழியாதபடி பதிவான ஓர் அணைக்கட்டு வயல்களைச் சுற்றி ஓடியது. கோடை அணை என்று அதற்குப் பெயர்.

1983 ஏப்ரலில் ஒருமுறை, மே கடைசியில் இன்னொரு முறை றைன் பெருகியது. அந்த வருஷம் கோடை அணை உடைந்தது. வழமைப்படி திருத்திக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. உடைப்பை அப்படியே விட்டு, சில நூறு ஹெக்டேர் வயலை ஆற்றிடமே திருப்பிக் கொடுப்பதென்று முடிவெடுத்தார்கள்.

இலங்கைத் தமிழரான எங்களுக்கு 1983 என்றால் ஆடிக் கலவரம்தான். அதன் பிறகு வெளிக்கிட்ட சனங்களோடு நானும் வெளிக்கிட்டேன். கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயிலில் மேற்குப் பக்கம் வந்து, கடைசியில் குறோஸ்-கேராவ் மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீட்டில், ஓர் அறைக்கு நாலு பேராகக் குடியிருத்தப்பட்டது 1985 இல். வேலை அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்ட எழுத்தில் அனுமதி வேண்டும். உடம்பில் வயசு இருந்தது, கையில் வேலை இல்லை. காலையில் வெளிக்கிட்டு இருட்டும் வரை நடந்தோம். கூக்கொப் எங்கள் மாவட்டத்துக்குள்ளே இருந்தது. அதனால்தான் அங்கே போனோம். காட்டைத் தேடிப் போகவில்லை.

போன இடத்தில் காடும் பாதிதான் இருந்தது. நடுவில் கிடந்தது பாழ்வயல். வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் ஆளுயரத்துக்குக் காஞ்சொறிபோல ஒரு செடி. அதற்கிடையில் விரல் தடிப்பில் வில்லோக் கன்றுகள் ஆயிரக்கணக்கில். உடைந்த அணையின் இரண்டு முனையும் புல் மூடிக் கிடந்தன. நடுவே ஒரு பள்ளத்தில் கலங்கல் தண்ணீர்.

எங்களோடு முல்லைத்தீவுப் பக்கத்து அண்ணை ஒருவர் இருந்தார். குளத்து வயல் செய்தவர். அந்த உடைப்பைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, எங்கட பக்கம் குளக்கட்டு உடைச்சால் ஊரே இரவோட இரவா மண்மூட்டை தூக்கும். சின்னப் பொடியளும் வருவாங்கள். இவங்கள் ரெண்டு வருஷமாப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்களே?"

எனக்கும் பதில் தெரியவில்லை. நான் கிளிநொச்சிக்காரன். இரணைமடுத் தண்ணீரை நம்பி வளர்ந்தவன். கட்டு என்றால் உயிர் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள், வன்னியில் அது உண்மையும்கூட. அங்கே மழை மூன்று மாதம். அந்தத் தண்ணீரை மறித்து வைக்காவிட்டால் சோறு இல்லை. றைன் வருஷம் முழுக்க ஓடும் ஆறு. அதைக் கட்டி வைத்ததில் நட்டம் யாருக்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

தீவில் வயல் செய்த முதியவர் ஒருவரோடு எங்கள் அரைகுறை ஜேர்மனில் கதைப்போம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவார். ஏப்ரல் வெள்ளம் விதைப்பைக் கொண்டுபோனது, திருப்பி விதைத்ததை மே வெள்ளம் கொண்டுபோனது என்று சொன்னார். குனிந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து அண்ணையின் கையில் வைத்தார். நல்ல கறுத்த வண்டல். இதைப் பூண்டுக்கு விட்டுவிட்டார்களே என்றார். அண்ணை அந்த மண்ணை நசுக்கி, முகர்ந்து பார்த்து, தலையாட்டினார். மொழி வேண்டியிருக்கவில்லை, இரண்டு பேரும் விவசாயிகள். அவருடைய இழப்பு உண்மையான இழப்பு. காட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அவரை மறந்துவிட்டு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் அந்த முடிவு சரியானது. இன்று அந்த இடத்தில் நின்று கொண்டு இதைச் சொல்கிறேன்.

அன்று விரல் தடிப்பில் இருந்தவற்றை இன்று இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாது. ஒருவரும் நடவில்லை. வில்லோவின் விதை பஞ்சில் பறந்து வந்தது, பொப்லரும் அப்படியே, ஓக் விதையைக் காட்டுக் காகங்கள் கொண்டு வந்து புதைத்தன. விழுந்த மரத்தை இப்போது எடுப்பதும் இல்லை. அதில் காளான், காளானுக்கு வண்டு, வண்டுக்கு மரங்கொத்தி. மாசியும் பங்குனியும் சந்திக்கும் நாட்களில் இலை வரமுன்பே தரை முழுக்க நீல நிறத்தில் சிறு பூ பூக்கும். அதே பங்குனியில் ஆபிரிக்காவிலிருந்து கரும்பருந்துகள் வந்து சேரும். ஜேர்மனியில் அவை இவ்வளவு நெருக்கமாகக் கூடு கட்டும் இடங்கள் குறைவு. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மீன் சந்தைக்கு மேலே வட்டமிடுவதும் அதே இனம்தான். முதல் வருஷங்களில் இந்த நாட்டில் எனக்குப் பெயர் தெரிந்த பறவை அது ஒன்றுதான்.

"அப்பா, இது வயலா இருந்ததோ? பொய் சொல்லாதேங்கோ" என்றாள் மகள், முதன்முதல் கூட்டிக்கொண்டு போனபோது. அவள் கண்ணுக்கு அது ஆதிகாலக் காடு.

தீவிலுள்ள குன்டர்ஸ்ஹவுசன் பண்ணையில் இப்போது சுற்றுச்சூழல் கல்வி நிலையம் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிராங்பேர்ட்டிலிருந்து தொலைநோக்கியோடு வருகிறார்கள். அன்று எங்களைத் தவிர அந்தப் பாழ்வயலுக்கு வேலையில்லாமல் வந்தவர்கள் மிகக் குறைவு. அன்று எனக்கு ஒரு தாளில் எல்லை எழுதியிருந்தது, அது எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் மட்டும். இன்று பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது எல்லோருக்குமான சட்டம். கூட்டுக்குக் கீழே ஆள் நடந்தால் பருந்து எழும்பிப் போய்விடும், குஞ்சு குளிரில் சாகும். இந்தச் சட்டத்தை நான் மனதார மதிக்கிறேன். மீறுகிறவர்களை நிறுத்திச் சொல்லியும் இருக்கிறேன்.

வெள்ளக்காடு வடிவுக்காக மட்டும் வேண்டியது அல்ல. பாசலுக்கும் இஃபெட்ஸ்ஹைமுக்கும் இடையில் 1955 முதல் 1977 வரை மின்சாரத்துக்கும் கப்பலுக்குமாக அணைகள் கட்டியதில், மேல் றைனின் வெள்ளநிலத்தில் 130 சதுர கிலோமீற்றர், அதாவது அறுபது சதவீதம், ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்டது. பரவ இடமில்லாத தண்ணீர் முன்னையைவிட வேகமாகவும் உயரமாகவும் கீழே இறங்கியது. 1993 நத்தாரிலும் 1995 ஜனவரியிலும் கொலோன் நகரத் தெருக்களில் படகு ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான், அண்ணை கேட்ட கேள்விக்கு எனக்குள் ஒரு பதில் வந்தது. கூக்கொப்பைப்போல ஓரிடம் போதாது. ஆற்றோரம் முழுக்க அணைகளைப் பின்னுக்குத் தள்ளிக் கட்ட வேண்டும். அதற்கு இன்னும் பல விவசாயிகளுக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டும்.

இப்போது கவலை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சணம் ஆஷ் மரங்களை நுனியிலிருந்து காய வைக்கிறது. எல்ம் மரங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வேறொரு நோயில் போய்விட்டன. 2018, 2022 கோடைகளில் றைன் எவ்வளவு வற்றியதென்றால், கப்பல்கள் பாதிச் சுமையோடும் ஓடத் திணறின. பழைய வளையத்தில் சேற்றுத் திட்டுகள் வெளியே வந்தன. உடைப்பு திறந்தே கிடந்தது, அதற்குள் வர ஆற்றில் தண்ணீர் இல்லை. அல்ப்ஸில் பனி குறைந்தால் ஆனி வெள்ளமும் குறையும்; வெள்ளம் வராத இடத்தில் இந்த மரங்களுக்குப் பதிலாக வேறு மரங்கள் வந்துவிடும்.

அதனால் வைகாசி பிறந்ததும் வோர்ம்ஸ் நகரத்து றைன் நீர்மட்டத்தை ஒவ்வொரு காலையும் பார்க்கிறேன். 2024 ஜூன் தொடக்கத்தில் அது மளமளவென்று ஏறியது. நானும் மகளும் ஸ்ரொக்ஸ்ரட் பாலத்தடிக்குப் போனோம், பாதையை மூடியிருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் பாதையே இல்லை, மரங்களுக்கு நடுவில் பழுப்புத் தண்ணீர் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டிருந்தது. அது வடிந்ததும் நுளம்பு பெருகும்; சேற்றில் வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கும் முட்டைகள் வெள்ளம் பட்டதும் பொரிக்கும். அந்த நாட்களில் உள்ளே போகிறவர்கள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. அதிகாலையில் போங்கள், மாங்குயில் பொப்லர் உச்சியில் கத்தும்.